செவ்வாய்க்கிழமை கேட்ட வெள்ளி

தங்கமே இல்லாமல் தங்கமாக மின்னும் ஒரு ஜாடியைச் செய்து காட்டுவது என்று நான் முடிவெடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். முடிவை உடனே நாட்டு மக்களுக்கு அறிவித்தேன். வீட்டில் அப்போது இருந்த நாட்டு மக்கள் என் மனைவி சந்திரிகா ஒருத்திதான். டிபன் பாக்ஸில் தயிர்சாதத்தை அமுக்கிக்கொண்டிருந்தாள்.

"சந்திரிகா, எனக்கு வெள்ளி வேணும்."

"இன்னைக்குச் செவ்வாய். பொறுங்க, தானா வரும்."

"அந்த வெள்ளி இல்ல. உலோகம்."

"எதுக்கு?"

"ஜாடிக்கு. வெள்ளி உப்பைத் தடவிச் சுட்டா தங்கம் மாதிரி மின்னும்."

"உப்பு தடவிச் சுடறதுன்னா எனக்கு மீன்தான் தெரியும். எவ்வளவு வேணும்?"

"கொஞ்சம் போதும். ஒரு கொலுசு அளவு."

அவள் கை நின்றது.

"ஏன் கொலுசு?"

"சும்மா, உதாரணத்துக்கு."

"கரண்டின்னு சொல்லியிருக்கலாம். குங்குமச் சிமிழ்னு சொல்லியிருக்கலாம்."

"வாயில அதுதான் வந்தது."

"நல்ல உதாரணம்" என்றாள். டிபன் பாக்ஸை மூடினாள். ரயிலைப் பிடிக்கக் கிளம்பிவிட்டாள்.

அந்த இடத்தில் நான் உஷாராகியிருக்க வேண்டும். சந்திரிகா ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் கிளெய்ம் பார்ப்பவள். நடந்தது இது என்று ஜனங்கள் சொல்வதைக் கேட்டு, அதில் நடக்காதது எது என்று கண்டுபிடிப்பது அவள் வேலை. மாலையில் சானடோரியம் ஸ்டேஷனில் இறங்கும்போது அந்த மூளையை ஆபீஸிலேயே விட்டுவிட்டு வரலாம். வருவதில்லை.

என் பெயர் லோகநாதன். மறைமலை நகரில் கார் உதிரி பாகங்களுக்குக் குரோம் முலாம் போடும் பிரிவில் சூப்பர்வைசராக இருந்து ரிட்டயர் ஆனவன். ரிட்டயர் ஆன புதிதில் சமையலறை டப்பாக்களை அகர வரிசையில் அடுக்கினேன். அரிசிக்குப் பக்கத்தில் அப்பளம், உளுந்துக்குப் பக்கத்தில் உப்பு. பார்க்க அழகாக இருந்தது. அடுத்த திங்கட்கிழமையே சந்திரிகா என்னை மண்பாண்ட வகுப்பில் சேர்த்துவிட்டாள்.

வகுப்பு நடத்துவது ஓவியா என்ற இளம்பெண். சிட்லபாக்கம் ஏரிக்கு அந்தப் பக்கம் வீடு. பின்புறம் ஒரு கேஸ் சூளை. மாணவர்களில் முக்கால்வாசிப் பேர் என்னைப் போல வீட்டாரால் அனுப்பிவைக்கப்பட்டவர்கள். என் அடுத்த வீட்டு ஐசக்கும் அதில் ஒருவர். ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருந்தவர். யாரைப் பார்த்தாலும் நிறுத்திவிடுவார்.

நான் செய்த பொருள்கள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்தன. அது எனக்குப் பழகிவிட்டது. பழகாதது வேறொன்று. ஒவ்வொரு பொருளையும் வீட்டுக்குக் கொண்டுவந்தால் சந்திரிகா இரண்டு கையாலும் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது என்ன?" என்பாள். கிண்டலாகக் கேட்டால் தாங்கிக்கொள்ளலாம். நிஜமாகவே தெரியாமல் கேட்பாள். வாழ்நாளில் ஒரு பொருளையாவது அந்தக் கேள்வி வராமல் செய்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி.

அப்போதுதான் ஓவியா லஸ்டர் கிளேஸ் என்ற மினுமினுப்புப் பூச்சுச் சமாச்சாரத்தை ஆரம்பித்தாள்.

"இது ரொம்பப் பழைய வித்தை சார். ஏற்கெனவே வெள்ளை கிளேஸ் போட்டுச் சுட்ட ஜாடி மேல, உலோக உப்பைக் காவி மண்ணோட குழைச்சுத் தடவணும். ரெண்டாவது தடவை கம்மியான சூட்டுல, சூளைக்குள்ள புகை கட்டிச் சுடணும். வெளிய எடுத்தா ஒரே கரியா இருக்கும். துணியால தேய்ச்சா மண் உதிர்ந்துடும். அடியில உலோகம் ஒரு தோல் மாதிரி ஒட்டிக்கிட்டு மின்னும்."

"என்ன உலோகம்?" என்று கேட்டேன். மண் விஷயத்தில் மண்ணாக உட்கார்ந்திருந்தவன் உலோகம் என்றதும் நிமிர்ந்துவிட்டேன்.

"அதை நீங்கதான் செலக்ட் பண்ணணும். பிஸ்மத் போட்டா சங்கு மாதிரி, முத்து மாதிரி வரும். செம்பு போட்டா சிவப்பு. வெள்ளி போட்டா மஞ்சள், தங்கத்தோட மஞ்சள்."

ஐசக் உடனே, "எனக்கு பிஸ்மத்" என்று கைதூக்கினார். அது என்னவென்று அவருக்குத் தெரியாது. மற்றவர்களுக்கு முன்னால் தூக்குவதுதான் அவருக்கு முக்கியம்.

"லோகநாதன் சார், நீங்க செம்பு எடுத்துக்கோங்களேன். காப்பர் கார்பனேட் என்கிட்டயே இருக்கு" என்றாள் ஓவியா.

எனக்கு மனம் வரவில்லை. குரோம் முலாம் போடும்போது செம்பை அடியில்தான் போடுவோம். அதற்கு மேல் நிக்கல், அதற்கும் மேல் குரோம். முப்பது வருஷமாக அடியில் போட்டு மறைத்த ஒன்றைத் திடீரென்று மேலே தூக்கி வைப்பதா? மேலும், செம்பு எடுத்திருக்கிறேன் என்று சொன்னால், "சொம்பு தூக்கறதுக்கா கிளாஸ்ல சேர்த்தேன்?" என்று சந்திரிகா கேட்பாள்.

"வெள்ளி" என்றேன். வகுப்பே என்னைத் திரும்பிப் பார்த்தது. அந்த ஒரு நிமிஷம் சுகமாக இருந்தது.

பம்மலில் தோல் தொழிற்சாலைகளுக்குச் சரக்குப் போடும் ஒரு கெமிக்கல் கடையில் வெள்ளி உப்பு விலையைக் கேட்டேன். கேட்டதும் கடைக்காரருக்கு நன்றி சொல்லிவிட்டு, ஒரு சின்ன பாட்டில் நைட்ரிக் அமிலம் மட்டும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். உப்பை அந்த விலைக்கு வாங்காவிட்டால் என்ன? வெள்ளியை அமிலத்தில் கரைத்தால் நானே உப்பு செய்துகொள்வேன். உலோகம் அறிந்தவனுக்குக் கடை எதற்கு?

கரைக்க வெள்ளிக்கு எங்கே போவது என்றுதான் கேட்பீர்கள். பீரோவில் இருந்தது.

பட்டுப்புடவைகளுக்கு அடியில் ஒரு துணிப்பை. அதில் ஒரு ஜோடிக் கொலுசு. ஒன்றின் திருகு கழன்றுபோயிருந்தது. சந்திரிகா கொலுசு போட்டு எத்தனையோ காலம் ஆகிறது. இன்சூரன்ஸ் ஆபீஸில் யார் சலசலவென்று நடக்கிறார்கள்? இது திருட்டாகாது, தூங்கும் உலோகத்தைத் தட்டி எழுப்புவது என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். நானே வக்கீல், நானே ஜட்ஜ் என்பதால் வழக்குச் சீக்கிரம் முடிந்தது.

வியாழக்கிழமை சந்திரிகா ஆபீஸ் போனதும் மொட்டை மாடிக்குப் போனேன். கையுறை, கண்ணாடி, மூக்கில் துணி. ஒரு பீங்கான் கிண்ணத்தில் கொலுசைப் போட்டு அமிலத்தை விட்டேன். நுரைத்தது. செம்மண் நிறத்தில் புகை வந்தது. நான் எட்டி நின்று பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டில் வேலை செய்யும் ரத்தினபாய் துணி வாளியோடு மேலே வந்தாள்.

"இன்னா சார் கிண்ணத்துல?"

"மருந்து. கிட்ட வராதே."

"ஆருக்கு மருந்து?"

"ஜாடிக்கு."

"ஜாடிக்கு இன்னா சார் நோவு?" என்று எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் கொஞ்ச நேரம் பார்த்தபடியே நின்றாள். "அம்மா பொடவை காஞ்சுகினு கீது. பொகை பட்டா பேஜாராப் பூடும், சொல்லிட்டேன்" என்று கொடியில் கிடந்த புடவைகளை வாரிக்கொண்டு இறங்கிப் போனாள்.

அவள் போனதும் கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஐசக்கின் தலை தெரிந்தது.

"லோகு, மாடியில என்ன புகை?"

"வெள்ளி கரையுது சார்."

"வெள்ளியா? மயில் கழுத்து மாதிரி இருக்கே கலரு."

அப்போதுதான் நான் கிண்ணத்தைச் சரியாகப் பார்த்தேன். வெள்ளி கரைந்தால் தண்ணீர் தண்ணீராகத்தான் இருக்கும். கொஞ்சம் கலப்படம் இருந்தால் லேசாக நீலம் தட்டும். இது நீலமும் பச்சையுமாக, கல்யாண வீட்டுப் பட்டுப்புடவை மாதிரி ஜொலித்தது. நீலம் என்றால் செம்பு. பச்சை என்றால் நிக்கல். எனக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த இரண்டு நிறத்துக்கு நடுவில்தான் முப்பது வருஷம் சம்பளம் வாங்கினேன். கொலுசு ஜெர்மன் சில்வர், பெயரில் மட்டும் வெள்ளி. மேலே நூல் கனத்தில் வெள்ளி முலாம்.

ஒரு முலாம்காரனை முலாம் ஏமாற்றிவிட்டது. நல்ல முலாம்தான், அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

முதலில் அதிர்ச்சி வந்தது. அதன் பின்னாலேயே ஒரு பேரானந்தம் வந்தது. இந்தக் கொலுசு கல்யாணத்தில் மாமனார் போட்டதாகத்தானே இருக்க வேண்டும்? "என் பொண்ணு காலுக்கு அசல் வெள்ளி" என்று பந்தலில் ஒரு முறை, பந்தியில் ஒரு முறை, கைகழுவும் இடத்தில் ஒரு முறை சொன்ன மனிதர். மாமனார் வீட்டைப் பற்றி என் கையில் இப்படி ஓர் ஆதாரம் கிடைக்கும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

ஆனந்தம் மாடிப்படி இறங்கும் வரைதான் நீடித்தது. இதை எப்படிச் சொல்வது? "உங்கப்பா போட்டது போலி" என்றால், "எப்படித் தெரியும்?" என்பாள். கரைத்துப் பார்த்தால்தான் தெரியும். ஆதாரம் கிண்ணத்தில் இருந்தது. அதைக் காட்டினால் முதலில் மாட்டுவது நான்.

வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்த்தேன். அந்தத் திரவத்தில் சலவைச் சோடாவைப் போட்டேன். ஏரிப் பாசி மாதிரி அடியில் தங்கியதை வடிகட்டி, காயவைத்து, காவி மண்ணோடு குழைத்து என் ஜாடியில் தடவி, சூளைக்குக் கொடுத்துவிட்டேன்.

"வெள்ளியா சார் இது? பச்சையா இருக்கு?" என்றாள் ஓவியா.

"வெளுத்ததெல்லாம் பாலா? பச்சையானதெல்லாம் செம்பா?" என்றேன். அவள் மரியாதைக்காகத் தலையாட்டினாள்.

இரண்டு நாள் கழித்து ஒரு மாலை. சந்திரிகா பீரோ முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"என்னங்க, என் கொலுசைக் காணோம்."

"எந்தக் கொலுசு?"

"என்கிட்ட எத்தனை கொலுசு இருக்கு?"

எனக்குத் தெரியாது.

"பட்டுப்புடவைக்கு அடியில வெச்சிருந்தேன். எங்கப்பா போட்டது. அசல் வெள்ளி."

நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பல்லால் பிடித்து நிறுத்தினேன். "அசல்தானா?" என்று மட்டும் வெளியே வந்தது.

"ஏன், உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

"தெரியாது. தெரியாததாலதானே கேட்கறேன்."

"சரி. நம்ம வீட்டுக்கு வந்துபோறது ரத்தினபாய் ஒருத்திதான். காலையில அவளை ஒரு வார்த்தை கேட்டுடறேன்."

ரத்தினபாய் இந்த வீட்டில் ஒரு கீரைக்கட்டைக்கூடச் சொல்லாமல் எடுத்ததில்லை. என் ஜாடிக்காக அவள் தலைகுனிந்து நிற்பதா? நான் சாமர்த்தியசாலி என்று நினைத்துக்கொண்டிருந்தேனே தவிர, அந்த அளவுக்குக் கெட்டவன் இல்லை.

"அவளைக் கேட்காதே. நான்தான் எடுத்தேன்."

"எதுக்கு?"

"திருகு போயிருந்தது. ரிப்பேருக்குக் கொண்டுபோனேன்."

"எங்கே?"

"பம்மலுக்கு."

"தாம்பரத்துல இவ்வளவு கடை இருக்க, பம்மலுக்கு?"

"அங்க நல்லாப் பண்ணுவாங்கன்னு ஐசக் சொன்னார்."

"அப்புறம்?"

"ஷேர் ஆட்டோவுல விட்டுட்டேன்."

"எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தீங்க?"

"ஓரத்துல."

"பை கையில இருந்ததா, மடியில இருந்ததா?"

"மடியில."

"இறங்கினதும் தேடலையா?"

"அதுக்குள்ள ஆட்டோ போயிடுச்சு."

"அமில வாசனை ஆட்டோவுலயா வந்தது?"

"எந்த வாசனை?"

"உங்க சட்டையில."

"பம்மல்னா அப்படித்தான். தோல் பதனிடற ஊரு."

சந்திரிகா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஆபீஸில் அந்தப் பார்வைக்குப் பிறகுதான் ஆட்கள் அழுவார்கள் என்று நினைக்கிறேன்.

"சரி, நம்பறேன்" என்றாள். "பொருள் உங்க கையில இருந்து தொலைஞ்சது. பொறுப்பு உங்களுது. சனிக்கிழமை போய் அதே மாதிரி புதுசு வாங்கிடலாம். எங்கப்பா போட்டதுக்குக் குறைவா இருக்கக்கூடாது."

சனிக்கிழமை தாம்பரத்தில் ஒரு நகைக்கடையில் உட்கார்ந்திருந்தோம். கடைக்காரர் தட்டுத் தட்டாகக் கொலுசைக் கொட்டினார். எல்லாம் அசல். உலோகம் அறிந்தவன் என்ற முறையில் எனக்குப் பார்த்ததுமே தெரிந்தது. அதுதான் வலித்தது. ஒரு போலிக்குப் பதிலாக அசல் வாங்கித்தருவதாக உலகத்தில் எந்த இன்சூரன்ஸ் கம்பெனியும் ஒப்புக்கொண்டதில்லை. நான் ஒப்புக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"என் கொலுசு எந்த டிசைன்னு ஞாபகம் இருக்கா?" என்று சந்திரிகா கேட்டாள்.

"இதோ" என்று முத்துச் சலங்கை வைத்த ஜோடியை எடுத்து நீட்டினேன். கிண்ணத்தில் போடும்போது பார்த்ததுதானே. "இதேதான்."

அவள் அதைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். கடைக்காரரைப் பார்த்து, "இதுல ரெண்டு ஜோடி போடுங்க" என்றாள்.

"ரெண்டு எதுக்கு?"

"ஒண்ணு மறுபடியும் ஷேர் ஆட்டோவுல போயிட்டா?"

நான் கார்டை எடுத்துக் கொடுத்தேன். மெஷின் முனகியது. எனக்கும் அதே சத்தம்தான் வந்தது, வெளியே கேட்கவில்லை.

மறுவாரம் சூளை திறந்தார்கள். என் ஜாடி கரிக்கட்டையாக வெளியே வந்தது. ஓவியா ஈரத்துணியைக் கொடுத்தாள். தேய்த்தேன். மண் உதிர்ந்தது. அடியிலிருந்து ஒரு சிவப்பு எழுந்தது. அதைச் சிவப்பு என்று சொன்னால் போதாது. மாதுளை முத்தை வெயிலில் பிடித்தால் உள்ளே ஒரு வெளிச்சம் தெரியுமே, அது. நிக்கல் அதை ஓரமாகக் கறுக்க வைத்து நாவல் பழத் தோலாக்கியிருந்தது. விளிம்பில் மட்டும், கரைந்துபோன அந்த நூல் கனத்து வெள்ளி, ஒரு கீற்று மஞ்சளாக ஓடியது. ஜாடி லேசாகச் சாய்ந்துதான் இருந்தது. சாய்வுகூட வேண்டுமென்றே செய்தது போல ஆகிவிட்டது.

ஐசக் தன் முத்து நிறத் தட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் என்னை நிறுத்தவில்லை. அவரே நின்றுவிட்டார்.

காலனி ஹாலில் கண்காட்சி வைத்தார்கள். நடு மேஜையில் என் ஜாடி. வந்தவர்கள் எல்லாம் அதன் முன்னால்தான் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். சந்திரிகா வந்தாள். கூடவே ரத்தினபாயும். இருவரும் நடந்துவரும்போது சலசல என்று சத்தம் கேட்டது. நால்வர் நடப்பது போல் இருந்தது.

சந்திரிகா ஜாடியைப் பார்த்தாள். குனிந்து பார்த்தாள். சுற்றிவந்து பார்த்தாள். 'இது என்ன?' வருமா என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ரொம்ப அழகா இருக்கு" என்றாள்.

நான் சட்டைப் பித்தானைத் தடவினேன். வாங்கிய இரண்டு ஜோடிக் கொலுசும் அந்த நிமிஷத்தில் செரித்துவிட்டன.

அப்போது ரத்தினபாய் ஜாடிக்கு முன்னால் வந்து கன்னத்தில் கைவைத்தாள்.

"யம்மாடி! இன்னா சார், என் கொலுசா இது? என் கால்ல கெடந்தப்போ இவ்ளோ ஷோக்கா இல்லியே!"

நான் ரத்தினபாயைப் பார்த்தேன். பிறகு சந்திரிகாவைப் பார்த்தேன். சந்திரிகா ஐசக்கின் பிஸ்மத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன் கொலுசா?" என்றேன்.

"ஆமா சார். திருகு பூடுச்சுன்னு தூக்கிக் கடாசப் போனேன். அம்மாதான் குடு ரத்தினம், வேல கீதுன்னு வாங்கினாங்க. பதிலுக்கு அசல் வெள்ளி வாங்கித் தாரேன்னாங்க. சொன்ன மாரியே குடுத்துட்டாங்க" என்று காலைத் தூக்கி ஆட்டிக் காட்டினாள். முத்துச் சலங்கை.

"நீ மாடியில பார்த்தப்பவே..."

"பார்த்தேன். கீய எறங்கினதும் அம்மாவுக்குப் போன் போட்டேன். கொலுசு வெந்துகினு கீதுன்னு."

சந்திரிகாவைத் தனியாக ஜன்னலோரம் அழைத்துப் போனேன்.

"அப்போ உங்கப்பா போட்டது?"

"நீங்க கொலுசு அளவு வெள்ளின்னு சொன்ன அன்னைக்கே பேங்க் லாக்கருக்குப் போயிடுச்சு."

"அசல்?"

"அசல். எங்கப்பா போலி போடற ஆள் இல்ல."

"நேரா கேட்டிருக்கலாமே சந்திரிகா!"

"நேராத்தானே கேட்டேன், ஏன் கொலுசுன்னு? உதாரணம்னீங்க. இன்னொண்ணு, என் கொலுசு மாங்காய் டிசைன். முத்தே கிடையாது. நகைக்கடையில அதையாவது கண்டுபிடிச்சிருந்தீங்கன்னா ரெண்டாவது ஜோடியை வேண்டாம்னு சொல்லியிருப்பேன்."

கல்யாணம் ஆன நாளிலிருந்து பார்த்த கால். கார் பம்பரில் ஊசிமுனை அளவு புள்ளி இருந்தாலும் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பியவன் நான்.

"ரத்தினபாய் பேரை இழுத்ததும் ஒத்துக்கிட்டீங்களே, அது நல்லா இருந்தது" என்றாள் குரலைத் தணித்து. "அதுக்கப்புறம் ஆட்டோ, பம்மல்னு சொன்னீங்க பாருங்க, அதுதான் தேவையில்ல."

அந்த நேரம் பார்த்து ஓவியா வந்தாள்.

"லோகநாதன் சார், எல்லாரும் அந்த நாவல்பழக் கலரைக் கேக்கறாங்க. என்ன காம்பவுண்ட் சார்? என்ன அளவு? திரும்பச் செய்ய முடியுமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் சந்திரிகா முந்திக்கொண்டாள்.

"முடியும்மா. அவருக்குப் பொருள் தேடறதுல கஷ்டமே இல்ல. அடுத்தது வேற கலர் பண்ணச் சொல்லேன். ஆமா, தங்கம் போட்டா என்ன கலர் வரும்?"

"தங்கமா ஆண்ட்டி? ரோஸ் வரும். சில சமயம் ஊதாவும் வரும். ரொம்ப அழகா இருக்கும்."

சந்திரிகா என் பக்கம் திரும்பினாள். காலையில் தயிர்சாதம் அமுக்கும்போது இருக்குமே, அதே அமைதியான முகம்.

"நல்ல கலருங்க. திங்கட்கிழமை பீரோவுல ஒரு கவரிங் செயின் போட்டு வைக்கறேன்."